மருந்தடிப்பதை நிறுத்தியதும் மாவுப்பூச்சி பெருகிவிட்டது. தோட்டத்தை எப்படி மீட்பது?

இளவேனில்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டைச் சுற்றி ஓரளவு பெரிய தோட்டம் இருக்கிறது. முன்பு இருந்தவர் பல ஆண்டுகள் பராமரித்தது. சுத்தத்தை மிகவும் விரும்பியவர் போலிருக்கிறது. உதிர்ந்த இலை ஒன்றைக்கூடத் தரையில் விட்டு வைக்கவில்லை. செடிகளுக்கு இடையே மண்ணைப் பெருக்கிப் பெருக்கி இறுக்கியிருக்கிறார், பாதி இடத்துக்கு சிமெண்ட் ஓடு பதித்திருக்கிறார். பின்னறையில் பாதி தீர்ந்த பூச்சிமருந்துப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன.

செம்பருத்தி, எலுமிச்சை, கறிவேப்பிலை, தொட்டியில் ரோஜா, ஓரமாகக் கொஞ்சம் கத்திரி. வந்தபோது எல்லாம் பளபளவென்றுதான் இருந்தன. ஆனால் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் காணோம். எலுமிச்சை கொத்துக்கொத்தாகப் பூக்கிறது, ஒரு தேனீ வருவதில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் ஒரு மண்புழு இல்லை.

இனி மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தேன். சில வாரங்களிலேயே செம்பருத்திக் கொழுந்து முழுக்க மாவுப்பூச்சி, எலுமிச்சைத் துளிரில் அசுவினிப் பூச்சி. இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி படிந்தது போலக் கறுப்பு. தண்டில் எறும்புச் சாரி. பார்ப்பவர்கள் எல்லோரும் "மருந்தை நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்" என்கிறார்கள்.

இயற்கையிடம் விட்டால் தானே சமநிலைக்கு வந்துவிடும் என்று பல இடங்களில் படித்தேன். இங்கே நடப்பது நேர்மாறாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் வழியா? எனக்குக் காட்சிப்பொருளாக ஒரு தோட்டம் வேண்டாம். புழு பூச்சி, பறவை, மண் எல்லாம் உயிரோடு இருக்கிற இடமாக அது வேண்டும்.

மண்வெட்டி:

எதையும் பிடுங்காதீர்கள். வளர்ந்த செடியின் வேர் அந்த இறுகிய மண்ணுக்குள் ஏற்கெனவே வழி போட்டு வைத்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும்.

மண்ணைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். பாட்டில்களில் என்ன பெயர் இருக்கிறது? மேலே தெளிப்பதா, வேரில் ஊற்றுவதா?

இளவேனில்:

பார்த்தேன் அண்ணா. ஒன்றில் சைபர்மெத்ரின், இன்னொன்றில் இமிடாகுளோபிரிட் என்று இருக்கிறது. யூரியா மூட்டையும் ஒன்று இருக்கிறது.

தும்பைப்பூ:

இளவேனில், உங்கள் தோட்டத்தில் நடப்பது தோல்வி இல்லை. மருந்தை நிறுத்திய எல்லாத் தோட்டமும் இந்தக் கட்டத்தைக் கடந்துதான் போகிறது. இந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பாதிப்பேர் பயந்துபோய்த் திரும்பவும் பாட்டிலைத் தூக்குகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

மருந்து அடிக்கும்போது செடியைத் தின்னும் பூச்சியும் சாகிறது, அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சியும் சாகிறது. நிறுத்தியதும் இரண்டும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. அசுவினி பெரும்பாலும் ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும். வெயில் காலத்தில் பிறந்த குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக மாறவே மூன்று நான்கு வாரம் ஆகும். அதுமட்டும் இல்லை. தன் குஞ்சுகளுக்குத் தீனி இருக்கிறது என்று தெரிந்த இடத்தில்தான் பொறிவண்டு முட்டையிடும். அதாவது அசுவினி முதலில் பெருகினால்தான் அது வரும். மருந்தடித்த தோட்டத்தில் தீனியும் கிடையாது, பூவில் தேன் குடித்தால் அதிலும் விஷம். அவை ஏன் அங்கே தங்கப் போகின்றன? ஆக, தின்னி முதலில், தின்னியைத் தின்னி பின்னால். நடுவில் ஒரு இடைவெளி. நீங்கள் இப்போது அந்த இடைவெளியில் நிற்கிறீர்கள். தோட்டத்தை மீட்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இந்த இடைவெளியைப் பொறுமையாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் தாண்டுவதுதான். மற்ற வேலையெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்துவிடும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைப் பஞ்சு போல முட்டைப்பை கட்டும் ஒரு செதில் பூச்சி 1880-களில் அழித்துக்கொண்டிருந்தது. அந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதால் அதன் எதிரியையும் அங்கேயே தேடினார்கள். 1888-89-இல் வெடாலியா என்ற சிறிய பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் தோட்டங்கள் தேறிவிட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தப் பூச்சி ஒரு பிரச்சினையாகவே இல்லை. 1940-களில் அதே தோட்டங்களில் டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். பொறிவண்டு செத்தது, செதில் பூச்சி மறுபடி தலைதூக்கியது. மருந்தைக் கட்டுப்படுத்தி, வண்டைத் திரும்பவும் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. உங்கள் செம்பருத்தியில் நடப்பதும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது.

சரி, இடைவெளியில் என்ன செய்வது?

முதல் வேலை எறும்பு. பலர் இதைக் கடைசியில் வைப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன். அசுவினியும் மாவுப்பூச்சியும் செடியின் சாற்றை உறிஞ்சி, தேவைக்கு மேலான சர்க்கரையை இனிப்பு நீராக வெளியே விடும். நீங்கள் சொன்ன பிசுபிசுப்பு அதுதான். அதன்மேல் வளரும் பூஞ்சாணம்தான் அந்தக் கறுப்பு. பூஞ்சாணம் இலையைத் தின்பதில்லை, வெளிச்சத்தைத்தான் மறைக்கிறது. பூச்சி போனால் அதுவும் போய்விடும். எறும்பு அந்த இனிப்புக்காக வந்து பூச்சிகளைக் காவல் காக்கிறது. பொறிவண்டின் புழு வந்தால் கடித்து விரட்டும், ஒட்டுண்ணிக் குளவியைப் பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட விடாது. எறும்பை மரத்தில் ஏறவிடாமல் செய்தால் பாதி வேலையை மற்ற பூச்சிகள் பார்த்துக்கொள்ளும். தண்டைச் சுற்றி ஒரு துணிப்பட்டையோ தாளோ கட்டி, அதன்மேல் ஒட்டுப்பசை தடவுங்கள். மரப்பட்டைமேல் நேராகத் தடவ வேண்டாம், இளம் மரமானால் காயப்படும். சுவரையோ வேலியையோ தொடும் கிளை ஒன்று இருந்தாலும் எறும்பு அந்தப் பாலத்தில் ஏறிவிடும், அதை வெட்டிவிடுங்கள். புற்றைத் தேடிப் போய் அழிக்க வேண்டாம். தரையில் இருக்கும் எறும்பு மண்ணைக் கிளறுகிறது, விதை பரப்புகிறது. செடியில் ஏறுவதைத் தடுத்தால் போதும்.

இரண்டாவது, யூரியாவைக் கையால் தொடாதீர்கள். அது தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் துளிர் கொழுகொழுவென்று வரும், அந்தச் சாற்றில் அசுவினிக்கு வேண்டிய சத்து அதிகமாக இருக்கும். நீங்கள் வந்தபோது பார்த்த பளபளப்பில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, கையும் தண்ணீரும். குழாயில் விரலை அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் படுமாறு பீய்ச்சினால் அசுவினியில் பெரும்பகுதி கீழே விழும், விழுந்தவற்றில் பல திரும்பி ஏறாது. காலையில் செய்தால் இலை காய நேரம் கிடைக்கும். மாவுப்பூச்சி மிக அடர்ந்திருக்கும் நுனியை மட்டும் கிள்ளுங்கள். கிள்ளியதை உடனே எரிக்காமல் செடிகளிலிருந்து தள்ளி ஒரு வாளியில் சில நாள் திறந்து வையுங்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் குளவியின் குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தால் அது வெளியே பறக்கட்டும். கண்ணெதிரே செடி வாடுகிறது என்றால் சோப்புக் கரைசலைப் பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் தடவலாம். அது பட்ட பூச்சியை மட்டும் கொல்லும், காய்ந்த பிறகு வேலை செய்யாது. வேப்பெண்ணெயையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன், கடைசியில், ஓரிடத்தில், கொஞ்சமாக. இயற்கை மருந்து என்பதால் வாராவாரம் தோட்டம் முழுக்க அடிக்கலாம் என்று நினைப்பது சரியில்லை. பொறிவண்டுப் புழுவின் மெல்லிய உடம்பில் பட்டால் அதற்கும் கேடுதான்.

முக்கியமானது, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடாதீர்கள். ஒரு செடியிலாவது கொஞ்சம் அசுவினி இருக்கட்டும். வரப்போகும் வண்டுக்கு அதுதான் சாப்பாடு. பூச்சியே இல்லாத தோட்டத்தில் பூச்சியின் எதிரியும் இருக்காது. இதை மனம் ஏற்றுக்கொள்ள நாளாகும், ஆனால் எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகுங்கள். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் நெருக்கமாக நிமிர்ந்து நின்றால் அநேகமாகப் பொறிவண்டு. மெல்லிய நூல் காம்பின் நுனியில் ஒவ்வொரு முட்டையாக நின்றால் கண்ணாடி இறக்கைப் பூச்சி. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, வைக்கோல் நிறத்தில், அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த உப்பிய கூட்டில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால் குளவி பிறந்து வெளியே போயிருக்கிறது. அதைப் பார்க்கிற நாளில் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடும். பொறிவண்டின் புழு வண்டைப் போலவே இருக்காது. நீண்டு, கறுத்து, பல இனங்களில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஓடும். இதை விஷப்பூச்சி என்று நசுக்குபவர்கள் நிறையப்பேர்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கத்திரி இருக்கிறது என்றீர்கள். கத்திரி இலையின் பச்சையைச் சுரண்டி, வலை போல நரம்பை மட்டும் விட்டு வைக்கும் ஒரு பொறிவண்டு உண்டு, எபிலாக்னா என்பார்கள். மங்கலான செம்பழுப்பு நிறம், நிறையக் கரும்புள்ளி, முதுகில் மெல்லிய மயிர். அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு இருக்கும். அது செடியைத்தான் தின்னும். அதைக் கையால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பூ. வளர்ந்த குளவியும், அசுவினி தின்னும் புழுவின் தாயான சிர்ஃபிட் ஈயும் தேனும் மகரந்தமும் சாப்பிட்டு வாழ்பவை. அவற்றின் வாய் சிறியது, செம்பருத்தி மாதிரிப் பெரிய பூ அவற்றுக்குப் பயன்படாது. கொத்தமல்லி, சோம்பு, துளசி போன்ற சின்னச் சின்னப் பூக்கள் வேண்டும். கொத்தமல்லியை அறுக்காமல் பூக்க விடுங்கள். துளசிக் கதிரைக் கிள்ளாமல் ஒரு செடியாவது விடுங்கள். தும்பை தானாக முளைத்தால் களை என்று பிடுங்காதீர்கள் (என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், எனக்குப் பிடித்த செடி). அடுக்கு இதழ்ப் பூக்களில் பெரும்பாலும் தேனும் மகரந்தமும் எட்டாது. ஒற்றை இதழ் வகையாகப் பார்த்து வையுங்கள்.

கடைசியாக அந்த இமிடாகுளோபிரிட். அது வேர் வழியாக ஏறிச் செடி முழுக்கப் பரவும் மருந்து. பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வரும், மண்ணில் பல மாதங்கள் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதையும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு மருந்துகளையும் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்ததற்குத் தேனீக்களுக்கு நேர்ந்த ஆபத்துதான் காரணம். பாட்டிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டிவிடாதீர்கள். மூடி, தனியாக வைத்து, அபாயகரமான கழிவுகளைச் சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள். ரோஜாத் தொட்டிகளில் அதை ஊற்றியிருக்கலாம் என்று தோன்றினால், சில மாதங்கள் அந்தச் செடிகளின் மொட்டை மலரும் முன்பே கிள்ளிவிடுவது நல்லது. அந்தத் தொட்டி மண்ணை வேறு பாத்திகளில் போட வேண்டாம்.

மண்வெட்டி:

தும்பைப்பூ அம்மா மேலே இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். நான் கீழே இருப்பதைச் சொல்கிறேன்.

ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீரை நிரப்பி முழுதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கணக்கில் நின்றால் மண்ணுக்குள் காற்று போக வழியில்லை. பெருக்கிப் பெருக்கி இறுகிய மண்ணில் அதுதான் எதிர்பார்க்கக்கூடியது. இலையும் இல்லை, நிழலும் இல்லை, மண்புழு எதைச் சாப்பிட்டு இருக்கும்?

இதற்குத் தீர்வு மூடாக்குதான். உதிர்ந்த இலை, காய்ந்த புல், வெட்டிய குச்சி, எதுவானாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும். பரப்பும் முன் மண்ணை நன்றாக நனையுங்கள். காய்ந்த மண்மேல் மூடாக்குப் போட்டால் மேலே ஊற்றும் தண்ணீரை மூடாக்கே குடித்துவிடும். மரத்தூள், வைக்கோல் போன்ற காய்ந்த பொருளை மண்ணுக்குள் கொத்திக் கலக்க வேண்டாம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது.

சிமெண்ட் ஓடுகளைப் பெயர்த்தெடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு முறை ஆழமாகக் கிளறுங்கள், அப்புறம் கிளறவே வேண்டாம். மண்ணுக்குள் பூஞ்சை இழைகள் வேரோடு சேர்ந்து வாழ்கின்றன. நிலத்துத் தாவரங்களில் பெரும்பாலானவைக்கு இந்தக் கூட்டு உண்டு. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) தண்ணீரையும் இழை கொண்டுவந்து கொடுக்கும், செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். கொத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இழை அறுகிறது. மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும் செடி அந்தக் கூட்டைக் கைவிட்டுவிடும்.

காலியாகும் இடத்தில் சணப்போ தட்டைப்பயறோ விதைத்துவிடுங்கள். பூக்கும் நேரத்தில் ஒரு செடியை வேரோடு மெல்லத் தோண்டி, வேரில் இருக்கும் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்தச் சிவப்பு தெரிந்தால் யூரியா மூட்டையைப் பற்றி நீங்கள் மறந்தே போகலாம். பிறகு செடியைப் பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்து அங்கேயே போட்டுவிடுங்கள், வேர் மண்ணுக்குள் மக்கட்டும்.

வலசை:

மண்வெட்டி சொன்னதோடு ஒரு சின்ன வேறுபாடு எனக்கு உண்டு. தோட்டம் முழுவதையும் மூடாக்கால் மூடிவிடாதீர்கள். தேனீ என்றதும் நமக்குக் கூடுதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை, அவற்றில் பெரும்பகுதி மண்ணில் துளையிட்டு முட்டையிடுபவை. வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத மூலையில் கொஞ்சம் வெறும் மண்ணை அப்படியே விடுங்கள். அங்கே பென்சில் கனத்தில் துளைகள் தெரிந்தால் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரோஜா இலையின் ஓரத்தில் அரைவட்டமாக, கத்தரியால் வெட்டியது போல ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீ. தன் குஞ்சுக்கு அறை கட்ட எடுத்துப் போயிருக்கிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது.

வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால் புழுவையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், வேறு வழி கிடையாது. உங்களிடம் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருப்பதே பாதி வெற்றி. எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியும் அதன் சொந்தங்களும் அவற்றில்தான் முட்டையிடும். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே தெரியும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். வளர்ந்த மரம் சில புழுக்களைத் தாங்கும். கன்றாக இருந்தால் புழுவை எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள். வேலி ஓரம் எருக்கு முளைத்தால் விடுங்கள், அதை நம்பி வாழும் வண்ணத்துப்பூச்சியும் உண்டு.

பறவைக்குத் தானியம் வைப்பதைவிடப் புழு இருப்பது முக்கியம். தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் ஊட்டும். கூடு கட்டவும் சிலந்தி நூல் வேண்டும். சிலந்தி வலையை அடித்துக் கலைக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

இரவு முழுக்கத் தோட்டத்தில் விளக்கு எரிகிறதா? அணைத்துவிடுங்கள். அந்துப்பூச்சிகள் விடியும்வரை அதையே சுற்றிச் சோர்ந்துபோகின்றன.

இளவேனில்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மனம் தெளிந்துவிட்டது. எறும்புப் பட்டை கட்டிவிட்டேன், ஓடுகளைப் பெயர்க்க ஆரம்பித்துவிட்டோம்.

ஆனால் வீட்டில் பெரியவர்கள் மூடாக்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கறையான் வரும், பாம்பு வந்து ஒளியும், நத்தை பெருகும் என்கிறார்கள். பறவைக்குத் தண்ணீர் வைத்தால் கொசு வரும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை. தும்பைப்பூ அம்மா, நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தும்பைப்பூ:

பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தள்ளாதீர்கள். இடத்தைப் பிரித்துக்கொண்டால் பயம் தீரும்.

வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு மூடாக்கே வேண்டாம். நடக்கும் வழி, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் வெளிச்சமாக, திறந்தே இருக்கட்டும். அடர்ந்த புதரும் குச்சிக் குவியலும் தோட்டத்தின் கடைக்கோடியில். பாம்பு பெரும்பாலும் எலியையும் தவளையையும் தேடித்தான் வருகிறது. எலிக்குத் தீனி கிடைக்காமல் பாருங்கள். சமையலறைக் கழிவு போகும் மக்குத்தொட்டிக்கு மூடி வேண்டும், அடியில் கம்பிவலை வேண்டும். இருட்டில் அந்தப் பக்கம் போனால் விளக்கோடு போங்கள், மூடாக்கை வெறும் கையால் அள்ளாதீர்கள். இதில் மட்டும் நான் சமரசம் செய்வதில்லை.

கறையானில் பெரும்பாலானவை செத்த மரத்தையும் காய்ந்த இலையையும்தான் தின்னும். தோட்டத்தில் அது மக்கவைக்கும் வேலையைச் செய்கிறது. சுவர், கதவு, மரச்சாமான் பக்கம் அதற்குப் பாதை போட்டுக் கொடுக்காமல் இருந்தால் போதும். மூடாக்கு எலும்பாகக் காய்ந்துபோகாமல் ஈரமாக வைத்தால் மக்குவது வேகமாகும், செடியின் வேரைத் தேடும் நிலையும் குறையும்.

நத்தை உண்மையான தொல்லைதான், அதுவும் மழைக்குப் பிறகு. உப்புப் போடுவார்கள், வேண்டாம், மண் கெட்டுவிடும். சாயங்காலம் ஈரச்சாக்கு ஒன்றைப் பாத்தி ஓரத்தில் போட்டு வையுங்கள். காலையில் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், கையுறையோ இடுக்கியோ கொண்டு எடுத்துவிடலாம். தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றாமல் காலையில் ஊற்றினால் இரவில் தரை காய்ந்திருக்கும், நத்தை அலைவது குறையும். செண்பகப் பறவை வந்து பழகிவிட்டால் அது நத்தையைத் தேடித் தின்னும். அதற்கு ஒளிந்துகொள்ள அந்தக் கடைக்கோடிப் புதர் வேண்டும்.

கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பறவைக்கு வைக்கும் தட்டை மூன்று நாளைக்கு ஒரு முறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவி நிரப்பினால் ஒரு கொசுவும் பிறக்காது. தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். நடுவில் ஒரு கல் வைத்தால் தேனீயும் மூழ்காமல் குடிக்கும்.

பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் விருப்பம். என் மாமியார் முதலில் கறிவேப்பிலைப் புழுவைக் கண்டாலே எடுத்துப் போடச் சொல்வார். ஒரு கூட்டுப்புழுவிலிருந்து பூச்சி வெளியே வருவதை அவரே பார்த்த பிறகு, யாரும் அந்தச் செடியைத் தொடாமல் காவல் இருப்பதே அவர்தான்.

இளவேனில்:

மறுபடியும் வந்திருக்கிறேன். எலுமிச்சையில் அசுவினி நன்றாகக் குறைந்திருக்கிறது, உப்பிய வைக்கோல் நிறக் கூடுகளைப் பார்த்தேன், ஓட்டையோடு! மூடாக்கைத் தூக்கினால் ஈரம் இருக்கிறது, மண்புழு மட்டும் இன்னும் வரவில்லை.

செம்பருத்தியில்தான் குழப்பம். எறும்பு ஏறுவது நின்றுவிட்டது. ஆனால் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே இன்னும் பெரிய மாவுப்பூச்சி சில இருக்கின்றன. உடம்பெல்லாம் நீள நீளமாக வெள்ளை இழை, தொட்டால் விறுவிறுவென்று ஓடுகிறது. இது வேறு வகையா? கிள்ளி எடுத்துவிடட்டுமா?

தும்பைப்பூ:

தொடாதீர்கள்! ஓடுகிறது என்றீர்களே, அதுதான் அடையாளம். மாவுப்பூச்சி அப்படி ஓடாது, மெல்லத்தான் நகரும். அநேகமாக அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதுதான் அதன் வேலை. வளர்ந்த புழு மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகக்கூட இருக்கும். உறுதி செய்துகொள்ள ஒரு இலையோடு எடுத்து, காற்றுப் போகும் கண்ணாடிக் குப்பியில் சில மாவுப்பூச்சிகளோடு போட்டு வையுங்கள். அது தின்பதை நீங்களே பார்க்கலாம். வண்டாக மாறும்போது உடம்பு கருமையாகவும் தலை ஆரஞ்சுப் பழுப்பாகவும் இருந்தால் அதேதான், கொண்டுபோய்ச் செம்பருத்தியிலேயே விட்டுவிடுங்கள்.

இனி அந்தச் செடியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், சோப்பும் வேண்டாம், நுனி கிள்ளவும் வேண்டாம். எறும்புப் பட்டையில் தூசியும் இலையும் ஒட்டினால் எறும்பு அதன்மேல் நடந்து ஏறிவிடும், அதை மட்டும் அவ்வப்போது பார்த்துப் புதிதாகத் தடவுங்கள்.

மண்வெட்டி:

மண்புழுவுக்கு அவசரப்படாதீர்கள் தம்பி. கடையில் வாங்கி விட வேண்டாம். உரத்தொட்டிக்கு விற்பவை அழுகும் குப்பையில் வாழும் வகை, தோட்ட மண்ணில் நிலைக்காது. மூடாக்கு மக்கி மக்கி மண்ணோடு சேரும் இடத்தில் அடுத்த மழைக்காலத்தில் தோண்டிப் பாருங்கள். சுருள் சுருளாக மண் உருண்டைகள் மேலே கிடந்தால், புழு கண்ணில் படாவிட்டாலும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.